டியூப்லைட் பட்டை, பின்தங்கும் குரல், மாறிப்போன லுக்: பேட்டி வீடியோவில் எதைக் காப்பாற்றலாம்?

விஸ்காம்_இரண்டாமாண்டு:
வணக்கம். கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு கைத்தறி நெசவாளரைப் பேட்டி எடுத்திருக்கிறோம். தறி இருக்கும் அறை, டியூப்லைட் வெளிச்சம், இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள். காலர் மைக் தனி ரெக்கார்டரில். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டுப் பார்த்தால் மூன்று சிக்கல். படத்தில் கறுப்புப் பட்டைகள் நகர்கின்றன. ஆரம்பத்தில் உதட்டோடு ஒட்டியிருக்கும் குரல், 20 நிமிட க்ளிப்பின் கடைசியில் பின்தங்குகிறது. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவது மாதிரி இருக்கிறது. எதை எடிட்டில் சரிசெய்யலாம், எதைத் திரும்ப எடுக்கணும்?

ஷட்டர்50:
பட்டைக்குக் காரணம் ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் வெளிச்சம் வாங்கும் நேரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய செம்புச் சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஒரு துடிப்புக்கு 10 மில்லி செகண்ட். போன் சென்சார் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கிறது. ஆட்டோவில் விட்டால் ஷட்டர் 1/60 செகண்டுக்கோ 1/120 செகண்டுக்கோ போய்விடலாம். 1/60 என்பது 16.7 மில்லி செகண்ட். அதாவது ஒன்றரைக்கும் மேலான துடிப்பு. சில வரிகளுக்கு வெளிச்சம் கூடுதலாகவும் சில வரிகளுக்குக் குறைவாகவும் விழும். அதுதான் பட்டை. 1/50 வைத்தால் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 வைத்தால் ஒன்று. எல்லா வரிக்கும் ஒரே அளவு.

பட்டை நகர்கிறது என்பதால் நொடிக்கு 30 பிரேமில் (30 படம்) எடுத்திருப்பீர்கள். 25 பிரேமில் எடுத்திருந்தால் அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றிருக்கும், ஏனென்றால் 100 துடிப்பு 25-ஆல் மீதமில்லாமல் வகுபடும். பேட்டிக்கு 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று கையால் பூட்டிவிடுங்கள். போனின் ப்ரோ வீடியோ மோடிலோ, இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா ஆப்பிலோ இதைச் செய்யலாம். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் சேர்த்தே பூட்டுங்கள். இல்லாவிட்டால் நெசவாளர் வெள்ளை வேட்டியோடு எழுந்து நின்றாலே படத்தின் வெளிச்சமும் நிறமும் மாறும். எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டில் இந்தத் தொல்லை அநேகமாக வராது. மலிவான எல்இடி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. 10 செகண்ட் டெஸ்ட் எடுத்துப் பார்க்காமல் ஆளை உட்கார வைக்காதீர்கள்.

எடுத்தாகிவிட்டதற்கு முழு மருந்து இல்லை. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் இருக்கும் டீஃப்ளிக்கர் என்ற வசதி பட்டையைக் குறைக்கும், அழிக்காது. உங்களிடம் குரல் தனியாகச் சுத்தமாக இருக்கிறதே, அதுதான் பெரிய சொத்து. மறுபடி போய்ப் பகல் வெளிச்சத்தில் தறியில் நாடா ஓடுவது, மிதியில் கால், பாவு நூல் என்று ஒவ்வொன்றும் 10 செகண்டுக்குக் குறையாமல் எடுத்து, அந்தக் குரலின் மேல் போடுங்கள்.

எடிட்_டேபிள்:
குரல் விஷயம். பல போன்கள் வேரியபிள் பிரேம்ரேட்டில், அதாவது நொடிக்கு இத்தனை பிரேம் என்பது மாறிக்கொண்டே இருக்கும்படி, பதிவு செய்யும். வெளிச்சமோ சூடோ மாறினால் 30 பிரேம் 29, 28 என்று இறங்கும். எடிட்டிங் மென்பொருள் சீரான 30 என்று எடுத்துக்கொண்டால் சிங்க் (படமும் குரலும் ஒட்டுவது) போகும். மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். வேரியபிள் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 30 பிரேம், கான்ஸ்டன்ட் (மாறாத) பிரேம்ரேட், தர அளவான ஆர்எஃப் 16 அல்லது 18 வைத்து மாற்றி, அந்த ஃபைலில் எடிட்டை ஆரம்பியுங்கள். பாதி வெட்டிய பிறகு மாற்றினால் கட் எல்லாம் சில பிரேம் தள்ளிப்போகும், ஒவ்வொன்றாகப் பார்க்கணும்.

மாற்றிய பிறகும் கடைசியில் நாலைந்து பிரேம் இடைவெளி இருந்தால், போனின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. பேச்சின் இடைவெளியில் ஆடியோவை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓரிரு பிரேம் நகர்த்தினால் போதும். போன் ஒலியின் அலைவடிவம் வழிகாட்டும். படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் க்ளாப் அடிக்காமல் விட்டிருந்தாலும் கவலை வேண்டாம், தறியில் ஒரு அடி விழும் சத்தமே நல்ல க்ளாப்.

லைன்_தாண்டாதே:
லுக் (பார்க்கும் திசை) பிரச்சினைக்குக் காரணம், இருவரையும் இணைக்கிற கற்பனைக் கோடான இமேஜினரி லைனை இரண்டாவது போன் தாண்டியிருக்கிறது. இரண்டு கேமராவும் லைனுக்கு ஒரே பக்கம் நின்றால் ஒருவர் வலது பக்கமும் மற்றவர் இடது பக்கமும் பார்ப்பார்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் போடலாம் என்று தோன்றும். சட்டைப் பை வலது நெஞ்சுக்கு வந்துவிடும், பின்னால் காலண்டர் எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலமாக மாறிவிடும், கவனித்துச் செய்யுங்கள். கேள்வி கேட்பவரை மட்டும் அதே அறையில் சரியான பக்கத்திலிருந்து திரும்ப எடுப்பது சுலபம். நெசவாளரின் தோள் ஓரத்தில் தெரியும் சஜஷன் ஷாட் வேண்டுமானால் வேறொருவரை உட்கார வைத்தாலும் தெரியாது, சட்டை நிறம் ஒத்திருந்தால் சரி.

விஸ்காம்_இரண்டாமாண்டு:
மூவருக்கும் ரொம்ப நன்றி. அடுத்த முறை டிஎஸ்எல்ஆர் கேமரா கிடைக்கும். போனுக்கான காலர் மைக்கை அதிலேயே செருகலாமா?

எடிட்_டேபிள்:
மைக் ஒயரின் பின்னை (செருகும் முனையை) பாருங்க தம்பி. கறுப்பு வளையம் மூன்று இருந்தால் போன் வகை, கேமராவுக்கு இரண்டு வளையம் வேண்டும். அப்படியே செருகினால் ஒலி மெலிதாக வரலாம், வராமலும் போகலாம். மாற்றுகிற அடாப்டர் கடையில் கேட்டால் கிடைக்கும். மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, பதிவாகும் ஒலி லெவல் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி. ஃபேனை நிறுத்திவிட்டு, யாரும் பேசாத அறைச் சத்தம் 30 செகண்ட் தனியாக எடுத்து வையுங்கள். வெட்டிய இடங்களை அடைக்க அது வேண்டும்.