லோடு வேன் தண்ணீர் குடிக்கிறது: ஹெட் கேஸ்கட்டா, வேறு ஏதாவதா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2012 மாடல் டீசல் லோடு வேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி திண்டுக்கல்லுக்கு ஓட்டுகிறேன். இரண்டு வாரமாக ரேடியேட்டருக்குத் தினமும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. கீழே ஒழுகல் கிடையாது; ராத்திரி முழுக்க அட்டை விரித்துப் பார்த்துவிட்டேன், ஒரு சொட்டு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. இரண்டு நிமிஷம் நொண்டும், அப்புறம் சரியாகிவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் குமிழ் குமிழாக வருகிறது. ஆயில் ஸ்டிக்கில் பால் மாதிரி எதுவும் இல்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலந்ததாகத் தெரியவில்லை.

ஒரு மெக்கானிக் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் சூடேற்றுவது) என்றார். மாற்றியும் பயனில்லை. இன்னொருவர் எஞ்சினையே இறக்கச் சொல்கிறார் (அவருக்கென்ன, செலவு என்னுடையது). எனக்கு ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மேல்தான் சந்தேகம். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவி மட்டப்படுத்துவது) மட்டும் போதுமா, விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் பார்க்க வேண்டுமா?

எட்டு வருஷம் தாண்டிய வண்டி, வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அடுத்த மாதம் வருகிறது. பின் சக்கரத்துக்கு மேலே தகடு வேறு விரல் நுழையும் அளவுக்குத் துருப்பிடித்திருக்கிறது. செலவு செய்யலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா? இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.