திம்பமா, கோடிக்கரையா? ஆறு நாள், ஒரு சின்னக் கார், நாங்கள் இரண்டு பேர்

ஸ்டெப்னி:
நானும் மனைவியும் ஜனவரி கடைசி வாரம் சென்னையிலிருந்து காரில் கிளம்புகிறோம். ஆறு நாள் விடுப்பு. அவளுக்குக் காடு வேண்டும், எனக்குக் கடல். இரண்டும் ஒரே வழியில் கிடைக்கட்டும் என்று நான் போட்ட திட்டம் இது: கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிச்சாவரம், தரங்கம்பாடி, வேதாரண்யம், கோடிக்கரை, முத்துப்பேட்டை, மனோரா, தேவிபட்டினம், கடைசியில் தனுஷ்கோடி. போக மட்டும் 650 கிலோமீட்டர் போல வரும். மச்சானிடம் சொன்னேன், சிரிக்கிறார். "இதுல காடு எங்க மாப்ள இருக்கு?" என்கிறார். சத்தியமங்கலம், திம்பம் வழியாக ஏறி, கர்நாடகக் கடற்கரையில் இறங்கச் சொல்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

திம்பம்27:
மச்சான் பேச்சைக் கேளுங்கள். பண்ணாரி தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஆசனூர், அப்புறம் சாமராஜநகர், மைசூரு. அங்கிருந்து ஆகும்பே. மழைக்காடு என்றால் என்ன என்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஆகும்பே மலைப்பாதையில் 14 வளைவுகள் இறங்கினால் சோமேஸ்வரா, ஹெப்ரி, உடுப்பி. காட்டில் காலைக் காபி குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் மால்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கலாம். அதற்கும் வடக்கே மரவந்தேயில் சாலைக்கு ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு. இதை விட்டுவிட்டு வெயிலில் உப்பளம் பார்க்கப் போகிறீர்களா? கோடிக்கரையில் இருப்பது புதர். அதிலும் பாதி சீமைக்கருவேலம்.

உப்பளத்தான்:
வேதாரண்யத்துக்காரன் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரின் பழைய பெயர் திருமறைக்காடு. வேதாரண்யத்தில் இருக்கும் ஆரண்யமும் காடுதான். பெயரிலேயே காட்டை வைத்திருக்கும் ஊரைப் பார்த்துக் "காடு எங்கே" என்று கேட்கிறார்கள்.

கோடிக்கரை 1967-லேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது வறண்ட பசுமைமாறாக் காடு. எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதுதான். மிச்ச மாதங்களை அந்த ஈரத்திலேயே ஓட்டியும் இலை உதிர்க்காமல் நிற்கிற மரங்கள் அவை. பாலை மரங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அடி முறுக்கேறிப் போயிருக்கும். வெளிமான் மந்தையாக மேயும். ஆளில்லாமல் திரியும் குதிரைகளும் உண்டு. ஜனவரி என்றால் சதுப்பில் பூநாரை இருக்கும். சீமைக்கருவேலம் புகுந்தது உண்மைதான், மறுக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்ததும் உண்மை. அடிபட்ட காடு. அதற்காகப் புதர் என்று சொல்லாதீர்கள்.

திம்பம்27:
அண்ணே, கோபம் வேண்டாம். பெயரில் காடு இருந்தால் காடாகிவிடுமா? சென்னையில் ஆற்காடு சாலைகூட இருக்கிறது.

ஓதுவார்வீட்டுப்பிள்ளை:
இந்த வழக்குக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கோடிக்கரைக் கோயில் சிவனான கோடிக்குழகர் மேல் சுந்தரர் பாடிய பதிகம். கடற்காற்று வந்து மோதுகிற கரையில் அக்கம்பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் இப்படித் தனியாக இருக்கிறீரே என்று சிவனிடம் வருத்தப்படுகிறார். அதோடு விடவில்லை. காட்டுக்குள் ஆந்தையும் கூகையும் குழறினால் உம் மனைவி பயப்பட மாட்டாளா என்றும் கேட்கிறார். ஆக, ஆயிரம் வருடத்துக்கு முன்பே அங்கே காடும் இருந்தது, கடலும் இருந்தது, ஒரு தம்பதியும் இருந்தார்கள். ஸ்டெப்னி அவர்களே, உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

ஓட்டுநர்_இருக்கை:
ஸ்டெப்னியின் மனைவி பேசுகிறேன். இவர் சொல்லாமல் விட்டது ஒன்று: வண்டியை முக்கால்வாசி தூரம் ஓட்டப்போவது நான். ஆந்தை குழறினால் நான் பயப்பட மாட்டேன், இவர்தான் பயப்படுவார். திம்பம் அண்ணன் சொன்ன ஆகும்பே எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்குப் போட்டேன். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். நடுவில் மிஞ்சுவது இரண்டே நாள்.

திம்பம்27:
தங்கச்சி, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஒரே நாளில் மைசூரு.

ஓட்டுநர்_இருக்கை:
அண்ணே, நீங்கள் வந்து ஓட்டுங்கள், நாங்கள் பின்சீட்டில் தூங்குகிறோம்.

வனம்பேசி:
திம்பம் போவதானால் முதலில் நேரத்தைப் பாருங்கள். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். 2022-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை அமலாகிவிட்டது. பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை தடை, அது 2009-லிருந்தே இருக்கிறது. இருட்டிய பிறகு போய் நின்று செக்போஸ்டில் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று. அந்தச் சாலைகளில் வண்டியை நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போக வேண்டிய காடு அது. கரும்பு லாரியை மறித்து நிற்கும் யானையைப் பார்த்ததும் நம் ஆட்கள் கைபேசியோடு இறங்கிவிடுகிறார்கள். அந்த யானை வேடிக்கை காட்ட வரவில்லை. கரும்புக்குப் பழகி, சாலையோரமே கதி என்று நிற்கிறது. நான் திம்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையாகப் போகிறவர்கள் போகட்டும். சும்மா சுற்றப் போகிற கூட்டத்தில் நீங்களும் ஒரு கார் சேர வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

திம்பம்27:
நாங்கள் எல்லாம் சிப்ஸ் பாக்கெட் வீசுகிறவர்கள் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். பதினைந்து வருடமாகப் போகிறேன், ஒரு முறைகூட நடுக்காட்டில் வண்டியை நிறுத்தியதில்லை. ஆசனூர் தாண்டி ஜன்னல் வழியே பார்ப்பதே எனக்குப் போதும். காட்டைக் கடந்து போவதும் ஒரு அனுபவம்தான்.

வனம்பேசி:
உங்களைச் சொல்லவில்லை சார். ஆனால் இந்தத் தம்பதி காட்டுக்குள் நிதானமாகச் சுற்ற ஆசைப்படுகிறார்கள் என்றால் பிச்சாவரமே மேல். அங்கே துடுப்புப் படகு எடுங்கள், மோட்டார் படகு வேண்டாம். துடுப்புப் படகுதான் குறுகிய ஓடைகளுக்குள் நுழையும். இருபக்கமும் கிளைகள் தலைக்கு மேல் கூடிவிடும். படகுக்காரரிடம் தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அந்த மரத்தால்தான். தொட்டுப் பார்க்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. 2004 சுனாமியின்போது அந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு.

கயல்_பின்சீட்:
எல்லோரும் யானை, ஆந்தை என்று பேசுகிறீர்கள். பெண்களுக்கு வேண்டிய விஷயத்தை நான் சொல்கிறேன். நாகப்பட்டினம் தாண்டினால் சுத்தமான கழிப்பறை தேட வேண்டியிருக்கும். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுங்கள், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தங்குவதற்கு வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் போன்ற யாத்திரை ஊர்கள் வசதி, ஆனால் சனி ஞாயிறு நிரம்பிவிடும். போன வருடம் நாங்கள் இதே சாலையில் போனோம். ஒரு சின்ன ஊர் லாட்ஜில் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டார்கள்! கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவர் ஆதாரை நீட்டினார், நான் என் ஆதாரில் அவர் பெயரைக் காட்டினேன், அப்புறம்தான் சாவி வந்தது. அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

திம்பம்27:
பார்த்தீர்களா? கூர்க்கில் இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது.

கயல்_பின்சீட்:
கூர்க்கில் அறைக்கு வாங்குகிற பணத்தில் நாங்கள் மூன்று நாள் தங்கி, கணவாய் வறுவலும் சாப்பிட்டோம்.

உப்பளத்தான்:
நல்லாச் சொன்னீங்க. வழியில் தரங்கம்பாடிக்கு அரை நாளாவது கொடுங்கள். டேனியர்கள் 1620-ல் கட்டிய கோட்டையை எல்லோரும் பார்ப்பார்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன கதையையும் கேட்பார்கள். அதே கடற்கரையில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது, 1306-ல் கட்டியது. கடல் அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. அங்கே நின்றால் கடலைப் பார்க்கிற பார்வையே மாறும். வேதாரண்யத்தில் 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்துக்கும் வாருங்கள். கோடிக்கரைக்குள் காலையிலோ சாயங்காலமோ போங்கள், உச்சி வெயிலில் மான் வெளியே வராது.

முத்துப்பேட்டைக்குச் சும்மா போய் நிற்க வேண்டாம். காயலுக்குள் போக வனத்துறை அனுமதியும் படகும் வேண்டும், முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிச்சாவரம் பார்த்தவர்கள் அதுவும் இதுவும் ஒன்று என்று நினைப்பார்கள். இது பெரிய காயல், ஓடை முடிந்ததும் திடீரென்று விரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே வகை அலையாத்தி மரம்தான். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆணி முளைத்ததுபோல மூச்சு வேர்கள்.

திம்பம்27:
சரி, மனோராவில் என்ன இருக்கிறது? ஒரு கோபுரம்.

ஓதுவார்வீட்டுப்பிள்ளை:
நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட, தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம். ஐரோப்பாவில் யாரோ தோற்றதற்கு மல்லிப்பட்டினத்துக் கடற்கரையில் கோபுரம்! இந்த விசித்திரத்துக்காகவே ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்.

ஸ்டெப்னி:
எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் சுந்தரரைக் காட்டினேன். "அவரு கார்ல போகல மாப்ள" என்று சொல்லிவிட்டார்.

ஓட்டுநர்_இருக்கை:
முடிவு சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பிச்சாவரம் பார்த்துவிட்டு இரவு தரங்கம்பாடி. அடுத்த இரண்டு இரவும் வேதாரண்யம், கோடிக்கரைக்கு இரண்டு தடவை போக வேண்டும். நாலாம் நாள் முத்துப்பேட்டை, மனோரா, இரவு தேவிபட்டினம் பக்கம். ஐந்தாம் நாள் மதியத்துக்குள் தனுஷ்கோடி, பொழுது சாய்ந்தால் அங்கிருந்து அனுப்பிவிடுவார்களாம். ஆறாம் நாள் மதுரை, திருச்சி வழியே வீடு. ஆகும்பேயைப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும்போது பார்த்துக்கொள்கிறேன். அப்போது திம்பம் அண்ணன்தான் வழிகாட்டி.

திம்பம்27:
ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லாத பயணத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். திரும்பி வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். தனுஷ்கோடிக் காற்றில் உப்பு அதிகம், துரு பிடித்துவிடும்.

உப்பளத்தான்:
இதை மட்டும் சரியாகச் சொன்னார்.