மறு: ‘பிக்கப்’ தரையிறக்கத்துக்குத் தமிழ்ச்சொல் – ‘ஒற்றியெடுப்பு’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த இழையில ‘பிக்கப்’புக்கு இதுவரைக்கும் வந்தது மூணு சொல்: இரகசியத் தரையிறக்கம், ஏற்றியிறக்கல், நிலவிறக்கம். மூணையும் நான் எழுதிட்டிருக்கிற கட்டுரையில போட்டுப் பாத்தேன், எதுவும் முழுசா ஒட்டல. ஏன்னு சொல்லிட்டு என் பங்குக்கு ஒண்ணு வைக்கிறேன்.

புதுசா சேர்ந்தவங்களுக்காக விஷயத்தை ஒரு தடவை சொல்லிடறேன். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி பிடிச்சு வச்சிருந்த பிரான்சுக்குள்ள பிரிட்டன் ஆள் அனுப்பினது பாரசூட்ல மட்டும் இல்ல, லைசாண்டர்னு ஒரு ஒத்தை இன்ஜின் விமானத்துலயும்தான். துப்பாக்கியெல்லாம் கழட்டிட்டு, வயித்துக்கடியில கூடுதலா ஒரு பெட்ரோல் டாங்க் கட்டி, இடப்பக்கம் ஒரு ஏணியை நிரந்தரமா பொருத்தி வச்சிருப்பாங்க. பைலட் தனி ஆள், மடியில மேப், கீழ நிலா வெளிச்சத்துல பளபளக்கிற ஆறுதான் வழிகாட்டி. வயல்ல மூணே மூணு டார்ச்சு, நம்ம ‘ட’வைத் தலைகீழா கவுத்த மாதிரி வச்சிருப்பாங்க, முதல் விளக்குக்கு நேரா 150 மீட்டர்ல ரெண்டாவது, அதுக்கு வலப்பக்கம் 50 மீட்டர்ல மூணாவது. கீழ இருக்கிறவர் முன்னாடியே பேசி வச்ச மோர்ஸ் எழுத்தை டார்ச்சுல மின்னிக் காட்டணும், எழுத்து மாறிச்சுன்னா பைலட் இறங்காம திரும்பிடணும். சரியா இருந்தா முதல் விளக்குகிட்ட சக்கரம் தொடும், ஓடிப்போய் அந்தப் பக்கம் வளைஞ்சு திரும்ப முதல் விளக்குக்கே வந்து காத்து முகமா நிக்கும். வந்தவங்கள்ல கடைசி ஆள் உள்ளேயே நின்னு தன் பெட்டியைக் கீழ குடுத்துட்டு, போறவங்க பெட்டியை வாங்கி உள்ள வச்சிட்டுத்தான் ஏணியில இறங்கணும். எல்லாம் மூணு நாலு நிமிஷம், இன்ஜினை நிறுத்தவே மாட்டாங்க. இப்படி வயல்ல இறங்கி ஆளை ஏத்திட்டு எழும்பறதுதான் ‘பிக்கப்’.

இப்ப சொல்லுக்கு வர்றேன்.

> இரகசியத் தரையிறக்கம்னே விட்டுடலாமே, யாருக்கும் புரியும்

புரியும்தான் அண்ணா, ஆனா அது பாதி வேலையைத்தான் சொல்லுது. இறங்கினதைவிட திரும்ப எழும்பினதுதான் இதோட உயிர். அதுவும் போக, 1944 ஜூன்ல நார்மண்டியில நடந்த படை இறக்கமும் தரையிறக்கம்தான், கட்டுரையில ரெண்டும் ஒரே பத்தியில வந்தா வாசகர் குழம்பிடுவாரு.

> ஏற்றியிறக்கல்: பேச்சு வழக்குல இருக்கிற சொல்

பஸ்ஸுக்கும் லாரிக்கும் பொருந்தும், இதுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனா 1940 அக்டோபர்ல நடந்த முதல் லைசாண்டர் பிக்கப்புல இறக்கறதுக்கு யாருமே இல்ல, முன்னாடியே பாரசூட்ல குதிச்சிருந்த பிலிப் ஷ்னைடோங்கிற உளவாளியைக் கூட்டிட்டு வர மட்டும்தான் பைலட் ஃபார்லி போனாரு. (புயல்ல வழி தவறி ஸ்காட்லாந்து மேற்குக் கரையில போய் விழுந்தாங்க, ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க.) நிலவிறக்கம் கேக்க அழகா இருக்கு, ஆனா பாரசூட்ல குதிச்சவங்களும் நிலா வெளிச்சத்துலதானே குதிச்சாங்க, பிரிச்சுக் காட்ட முடியல. முழு நிலாவுக்கு முன்னாடி ஒரு வாரம் பின்னாடி ஒரு வாரம்னு அவங்க வேலை பாத்த அந்த நாட்களுக்கு ‘நிலாக்காலம்’னு அந்த நிலாவை வச்சுக்கலாம், அங்க அது கச்சிதம்.

நான் வைக்கிற சொல்: ஒற்றியெடுப்பு.

ஒற்றுதல்னா மெல்லத் தொட்டு எடுக்கறது. கோயில்ல தீபத்தைக் கண்ணுல ஒத்திக்கிறோம், வடையில இருக்கிற எண்ணெயைத் துணியால ஒத்தி எடுக்கிறோம், கீழ அழுத்தாம, நிக்காம, தொட்ட கையோட எடுத்துடறது. லைசாண்டர் அந்த வயல்ல செஞ்சது அச்சு அசலா இதேதான். இன்னொரு பக்கம் ‘ஒற்று’ன்னாலே வேவு, குறள்ல ‘ஒற்றாடல்’னு ஒரு அதிகாரமே இருக்கு. விமானம் தொட்டு எழும்பறதும், அது ஏத்துற ஆள் யாருங்கிறதும் ஒரே வேர்ல கிடைக்குது, இதைத் தேடிப்போய் செய்ய முடியாது, மொழிதான் குடுக்கணும். வினையாவும் நல்லா வருது: ‘அன்றிரவு இருவரை ஒற்றியெடுத்தனர்’.

> ஒத்தின்னா வீட்டை ஒத்திக்கு விடறதுதான் ஞாபகம் வருது

வரும், ஒத்துக்கிறேன். ஆனா ‘எடுப்பு’ சேர்ந்ததும் அந்த அர்த்தம் விலகிடுது, ஒத்தி வைப்புலயும் இதே குழப்பம் யாருக்கும் வர்றதில்லையே.

தோழி ஒருத்தங்க கேட்டது இதைவிடக் கஷ்டமான கேள்வி: தொட்டு எழும்ப முடியாம மாட்டிக்கிட்டா அது ஒற்றியெடுப்பா? 1944 பிப்ரவரி 8 ராத்திரி கிழக்குப் பிரான்சுல பிளெத்ரான் பக்கம் நடந்ததை வச்சு யோசிச்சேன். அது லைசாண்டர் இல்ல, அதைவிடப் பெரிய ஹட்சன் விமானம். ஏற வேண்டியவங்க பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துல இருந்த லூசி ஓப்ராக், கணவர் ரேமோன், அவங்க சின்னப் பையன். முந்தின அக்டோபர்லதான் லியோன் தெருவுல ஜெர்மன்காரங்க கைதி லாரியை மறிச்சு அடிச்சு கணவரை மீட்டாங்க அந்தம்மா, இப்ப நிறைமாசம். ஹட்சன் சேத்துல புதைஞ்சிடுச்சு. ஊர்க்காரங்க மாடு, குதிரையெல்லாம் ஓட்டிட்டு வந்து, சக்கரத்துக்கு முன்னாடி மண்ணைத் தோண்டி, ரெண்டு மணி நேரத்துக்கும் மேல பாடுபட்டுக் கிளப்பி விட்டாங்க. பிப்ரவரி 12ல லண்டன்ல பெண் குழந்தை பிறந்துச்சு. சிக்கிக்கிட்டாலும் அந்தப் பணிக்குப் பேரு மாறாது, பிரசவம் சிக்கலானாலும் பிரசவம்தானே.

எனக்கு உறுத்துற இடம் வேற. 1943 ஜூன் 16 ராத்திரி பிரான்சுல ஆன்ஜே ஊர்ப்பக்கம் லைசாண்டர்ல இறங்கின பிரிட்டன் உளவாளிகள் நூர் இனாயத் கான், டயானா ரௌடன், செசிலி லெஃபோர்ட், மூணு பேருமே திரும்பி வரல. திப்பு வம்சத்துல வந்த நூரை 1944 செப்டம்பர்ல ஜெர்மனியோட டாஹௌ வதை முகாம்ல சுட்டுக் கொன்னாங்க. அவங்களைப் பத்தி எழுதறப்ப ‘எடுப்பு’ங்கிற சொல்லைப் போட கை வரல. அதனால என் யோசனை, விமானத்தோட பயணத்துக்கு மட்டும் ஒற்றியெடுப்பு, ஆளைப் பத்திப் பேசறப்ப ‘இறங்கினார்’, ‘மீட்கப்பட்டார்’னு தனித்தனியாவே எழுதணும். இதை அகராதிக் குறிப்புலயே சேர்த்துடலாம்.

ரெண்டு துணைச்சொல்லும் சேர்த்தே முடிச்சிடலாம். வயல்ல காத்திருந்தவங்களை ‘வரவேற்புக் குழு’ன்னு போட்டா பன்னீர் சொம்பும் சந்தனக் கிண்ணமும்தான் கண்ணுல வருது, ‘எதிர்கொள் குழு’ன்னா வர்றவரை எதிர்கொண்டு அழைக்கிறதும் வரும், ஆபத்தை எதிர்கொள்றதும் வரும்.

அடுத்தது பிரெஞ்சுல ‘பாஸ்யர்’னு சொல்றாங்களே, எல்லை தாண்டி ஆள் கூட்டிட்டுப் போறவங்க. ‘கடத்துபவர்’ வேண்டவே வேண்டாம், இன்னிக்கு அது தங்கக் கடத்தல் ஆயிடுச்சு. பிரெஞ்சுச் சொல்லுக்கே படகுல அக்கரை சேர்க்கிறவர்னும் அர்த்தம் உண்டு, அதனால ‘கரையேற்றுநர்’. நேச நாட்டு விமானிகளை ஸ்பெயின் வழியா தப்ப வைக்க பெல்ஜியப் பெண் ஆந்த்ரே த யோங் நடத்தின கோமெட் தடத்துல ஃப்ளோரன்டினோங்கிற பாஸ்க் மலைக்காரர் ஸ்பெயின் எல்லையில பிடாசோவா ஆத்தைக் கடக்க வச்சுத்தான் விமானிகளை அனுப்பினாரு, ராத்திரியில, தண்ணி இழுக்கிற ஆத்துல. அவருக்கு இந்தச் சொல்லு நேரடியாவே பொருந்துது. ‘தடம்’னு போட்டதைக் கவனிச்சிருப்பீங்க, ‘தப்பிப்புக் கோடு’ன்னு ஒரு இடத்துல பாத்தேன், அது வரைபடத்துல போடற கோடு மாதிரி இருக்கு, மனுஷங்க நடந்து நடந்து உண்டானது தடம்தான்.

‘ஒற்றியெடுப்பு’க்கு மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க. முக்கியமா ‘ற்றி’யா ‘த்தி’யான்னு இலக்கணம் தெரிஞ்ச ஐயா யாராவது பாத்துச் சொன்னா நல்லது, நான் ‘ற்றி’ பக்கம்தான்.

அன்புடன்