நுரை வந்தாலே சல்பேட்டா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
நேற்று செந்தூல்காரன் தம்பி சல்பேட்டைப் பற்றி, அதாவது அழுக்கும் எண்ணெயும் போகச் சேர்க்கும் ஒரு வகை நுரைப்பொருளைப் பற்றி, இங்கே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். "நுரை வருகிற ஃபேஸ் வாஷ் எல்லாமே சல்பேட். சல்பேட் எல்லாமே விஷம். நுரையைப் பார்த்தாலே போதும், லேபல் படிக்க வேண்டாம்." என் அக்கா மகள் இதை அப்படியே எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறாள். எரிச்சலாக வந்தது. பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு புத்திமதியா?

வாட்சன்ஸ் கடைக்குப் போய், கெட்டியாக நுரை தரும் டியூப் ஃபேஸ் வாஷ் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பல டியூபுகளில் முதல் சில பெயர்களுக்குள்ளேயே மிரிஸ்டிக் ஆசிட், ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்று இருக்கும். சல்பேட் துளிகூட இருக்காது. ஆனால் முதல் இரண்டும் கொழுப்பு அமிலம், மூன்றாவது காரம். இவை சேர்ந்தால் அது சோப்பு. அதன் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9, 10 பக்கம் போகும். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதே, அது இதனால்தான். முன்பக்கம் 'சல்பேட் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பான். அது பொய்யும் இல்லை. இப்போது சொல்லுங்கள், நுரையைப் பார்த்து என்ன கண்டுபிடித்தீர்கள்?

செந்தூல்காரன்:
அக்கா பெரிய பெரிய பெயராகச் சொன்னால் நாங்கள் பயந்துவிடுவோமா? நுரை வந்தால் சல்பேட். தோல் மருத்துவர்கள் பரிசோதனையில் வேண்டுமென்றே தோலை எரிச்சலூட்ட எதைத் தடவுகிறார்கள்? சோடியம் லாரில் சல்பேட்டைத்தான். அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
சொல்கிறேன். பரிசோதனையில் அதைத் தோலில் வைத்து மூடி, மணிக்கணக்கில் ஒட்டி வைக்கிறார்கள். நீங்கள் ஃபேஸ் வாஷைப் பூசிக்கொண்டு படுத்துத் தூங்குகிறீர்களா? அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறோம். அது தோலை உலர்த்தும், வறண்ட தோல்காரர்கள் தள்ளி வைப்பது நல்லது. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் சோடியம் லாரில் சல்பேட் வேறு, சோடியம் லாரெத் சல்பேட் வேறு. லாரெத் அதைவிட மென்மையானது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி 'விஷம்' என்று சீட்டு ஒட்டுகிறீர்கள்.

அப்புறம் நம் வீட்டுப் பூந்திக்கொட்டை. ஊற வைத்துத் தேய்த்தால் பொங்கிப் பொங்கி நுரை வரும். சல்பேட்டை உள்ளே யார் ஊற்றினார்கள்? அது சபோனின், செடியிலேயே இருக்கும் நுரைப்பொருள்.

பத்துமலைக்காரி:
இதற்குத்தான் நான் கடலை மாவோடு நிறுத்திக்கொண்டேன். பாட்டி காலத்தில் யார் லேபல் படித்தார்கள்? கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், கொஞ்சம் தயிர். முகம் பளிச்சென்று இருக்கும்.

ஜெலுத்தோங் மருந்துக்கடை:
கடலை மாவு எண்ணெயை உறிஞ்சும், சரி. ஆனால் சன்ஸ்கிரீன், மேக்கப் எல்லாம் அதில் ஒழுங்காகப் போகாது. பருக்கள் இருக்கிற முகத்தில் மாவைப் போட்டுத் தேய்த்துவிட்டு, சிவந்துபோன கன்னத்தோடு கவுண்டரில் வந்து நிற்கிறவர்களை நான் பார்க்கிறேன்.

பத்துமலைக்காரி:
மருந்துக்கடைக்காரர் கடலை மாவை விற்கவில்லை, அதனால் பிடிக்கவில்லை. சரி விடுங்கள்.

செந்தூல்காரன்:
பூந்திக்கொட்டை இயற்கை. அதை இதில் இழுக்காதீர்கள். நான் பேசுவது பாட்டிலில் வரும் நுரை. பாட்டிலில் நுரை வந்தால் சல்பேட்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
இப்போது 'பாட்டிலில்' என்று ஒரு சொல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நேற்று இல்லையே?

பாட்டிலுக்கே வருகிறேன். செட்டாபில் ஜென்டில் கிளென்சர், பழைய பாட்டில். 1947இல் டெக்சாஸில் ஆரம்பித்த பெயர், தோல் மருத்துவர்கள் காலம் காலமாக எழுதிக் கொடுத்தது. அதில் என்ன இருந்தது தெரியுமா? சோடியம் லாரில் சல்பேட். நுரை வந்ததா? கையில் ஊற்றினால் லோஷன் மாதிரி வழுக்கும், நுரை என்ற பேச்சே இருக்காது. சல்பேட் இருந்தும் நுரை இல்லை. டியூபில் நுரை இருந்தும் சல்பேட் இல்லை. உங்கள் விதி இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது, தம்பி.

செந்தூல்காரன்:
ஆகா! அந்தப் பாட்டிலில் இருந்து சல்பேட்டை எடுத்துவிட்டார்களே, ஏன்? நல்லதாக இருந்தால் எடுப்பானா? புதுப் பாட்டிலைப் பாருங்கள். சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் என்று போட்டிருக்கிறான். கம்பெனியே நான் சொன்னதை ஒத்துக்கொண்டது, அக்காதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

ஜெலுத்தோங் மருந்துக்கடை:
அந்த ஐசெத்தியோனேட்டும் நுரை தரும் அண்ணே. நன்றாகவே தரும். அது சல்பேட் இல்லை. நீங்கள் காட்டிய உதாரணம் உங்களுக்கே எதிராக நிற்கிறது.

செந்தூல்காரன்:
இவர் யார் நடுவில்? கமிஷன் வாங்குகிறவர்கள் பேச வேண்டாம்.

ஜெலுத்தோங் மருந்துக்கடை:
கமிஷனா? நான் மாதச் சம்பளக்காரன். வாயை அளந்து பேசுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
கமிஷன் பேச்சை யார் எடுப்பது! தம்பி, பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக் கடை போட்டு, வீட்டில் செய்த வேப்பிலை சோப்பை 'சல்பேட் இல்லாதது' என்று அட்டை எழுதி விற்றது உங்கள் வீட்டில்தானே? படத்தை இங்கேயே போட்டிருந்தீர்கள். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, வேப்பிலை. அதுவும் நான் மேலே சொன்ன அதே கொழுப்பும் காரமும்தான். நுரை பொங்கும், பிஎச் 9க்குக் குறையாது. அதை முகத்துக்கு நல்லது என்று விற்கிறவர், சல்பேட்டைக் காட்டி ஊரைப் பயமுறுத்துகிறார். இப்போது புரிகிறது ஏன் என்று.

அந்தச் சோப்புக்கு என்பிஆர்ஏ-வில் அறிவிப்பு எண் இருக்கிறதா? அழகுப் பொருளை விற்பனைக்கு விடும் முன் மலேசிய சுகாதார அமைச்சின் அந்த அமைப்புக்கு அறிவித்திருக்க வேண்டும். வீட்டில் செய்தாலும் அதே கதைதான்.

செந்தூல்காரன்:
என் வீட்டுக்காரி பிழைப்பில் கை வைக்காதீர்கள். போன வருஷம் சன்ஸ்கிரீன் பேச்சில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் ஓடியவர் நீங்கள். அந்தக் கோபத்தை இப்போது தீர்க்கிறீர்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
ஓடவில்லை. என் அம்மா மருத்துவமனையில் இருந்தார்கள், அப்போதே சொன்னேன். எண் இருக்கிறதா இல்லையா?

பத்துமலைக்காரி:
அறிவிப்பு எண் இருந்தால் மட்டும் நல்ல பொருளா? பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், எண் அச்சடித்த வெள்ளைப்பூச்சு கிரீமில் பாதரசம் இருந்தது என்று செய்தி வரவில்லையா?

ஜெலுத்தோங் மருந்துக்கடை:
எண் என்பது தரச் சான்று இல்லை, பொறுப்பு யாருடையது என்பதற்கான பதிவு. பாதரசம் கண்டுபிடித்தால் அந்த அறிவிப்பை ரத்து செய்வார்கள். பொய் எண் அச்சடிக்கிறவர்களும் உண்டு, அதனால்தான் என்பிஆர்ஏ தளத்தில் தேடிப் பாருங்கள் என்கிறோம். அப்புறம் லேபலில் பெயர்கள் அளவு குறையும் வரிசையில் வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். வேப்பிலைச் சாறு கடைசியில், வாசனைக்கும் பின்னால் இருந்தால், படத்தில் இருக்கிற இலைதான் உங்களுக்கு மிச்சம்.

செந்தூல்காரன்:
பார்த்தீர்களா, நுரையை விட்டுவிட்டு இலைக்குப் போய்விட்டார்கள். பதில் இல்லை என்றால் இப்படித்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
நுரைக்கே வாருங்கள். நுரையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எந்தப் பொருளால் நுரை, அது எத்தனையாவது இடத்தில், கூட கிளிசரின் இருக்கிறதா, உங்கள் தோல் எப்படி, இதைத்தான் பார்க்க வேண்டும். சல்பேட் இல்லாத மென்மையான ஃபேஸ் வாஷ்களில் நுரைக்காகச் சேர்க்கும் கோகாமிடோபுரோபில் பீட்டைன் இருக்கிறதே, அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2004இல் அதைத்தான் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு இமையெல்லாம் வீங்கும். சல்பேட் இல்லை என்று நம்பி வாங்கி இமை வீங்கியவர், உங்கள் விதியை வைத்து எதைத் தேடுவார்?

செந்தூல்காரன்:
அதுவும் நுரை வரும் பொருள்தானே அக்கா! நீங்களே சொல்கிறீர்கள், நுரை வந்தது, இமை வீங்கியது. நான் சொன்னதுதான் சரி.

ஆயர் ஈத்தாம் அக்கா:
பீட்டைன் சல்பேட் இல்லை! நீங்கள் சொன்னது 'நுரை வந்தால் சல்பேட்' என்று. எழுதியது மேலே அப்படியே இருக்கிறது.

செந்தூல்காரன்:
நுரை வந்தால் சல்பேட். இல்லையென்றால் சல்பேட்டின் சொந்தக்காரன். எல்லாம் ஒன்றுதான்.

பத்துமலைக்காரி:
தயிருக்குப் பதில் பால் போட்டால் வறண்ட தோலுக்கு நல்லதா? யாராவது சொல்லுங்களேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, சொந்தக்காரன் கதை வேண்டாம். உங்கள் குளியலறையில் இப்போது இருக்கிற ஃபேஸ் வாஷ் பாட்டிலின் முதல் ஐந்து பெயரை இங்கே எழுதுங்கள். அறிவிப்பு எண்ணையும் சேர்த்து.

செந்தூல்காரன்:
என் குளியலறை உங்களுக்கு எதற்கு? முதலில் சன்ஸ்கிரீன் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.