மறுமொழி: ‘ஸ்பேஸ் ஆப்பரா’வுக்கு இசைநாடகம் வேண்டாம், விண்கூத்து என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம். அறிவியல் புனைவுச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில், விண்வெளிச் சாகசக் கதைகளைக் குறிக்கும் ‘ஸ்பேஸ் ஆப்பரா’வைப் பற்றி ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘விண்வெளி இசைநாடகம்’ என்றே பட்டியலில் ஏற்றிவிடலாம். பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

இதற்கு என் மனம் ஒப்பவில்லை. இசைநாடகம் என்றதும் எங்கள் பக்கத்தில் சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகம்தான் நினைவுக்கு வரும். பாட்டை எடுத்துவிட்டால் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்பேஸ் ஆப்பராவிலோ பாட்டே கிடையாது. அமெரிக்க வானொலியில் சோப்பு விளம்பரத்தோடு வந்த குடும்பத் தொடர்களை ‘சோப் ஆப்பரா’ என்று கேலி பேசினார்கள். அதே பாணியில், அரைத்த மாவையே அரைத்த ராக்கெட் கதைகளுக்கு 1941இல் அமெரிக்க எழுத்தாளர் வில்சன் டக்கர் சூட்டிய வசைப்பெயர் இது. பிறகு கதைகள் வளர்ந்தன, பெயரிலிருந்த வசை உதிர்ந்தது.

இகழ்ச்சி, மதிப்பு இரண்டையும் தாங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: கூத்து. ‘என்ன கூத்து இது?’ என்று அதட்டுகிறோம். அதே வாயால் தில்லையில் ஆடுகிறவனைக் கூத்தபிரான் என்று கும்பிடுகிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கு 120 கலம் நெல் பெற்றவனைக் கல்வெட்டு ‘சாந்திக்கூத்தன்’ என்கிறது. விண்கல், விண்கலம் வரிசையில் விண்கூத்தும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்.

‘கூத்தில் கோயில் வாடை அடிக்கிறது, அறிவியல் புனைவுக்கு ஒட்டாது’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஐயா, அந்த வாடைக்காகவே எனக்கு இச்சொல் வேண்டும். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதையில் அணுமின் நிலையங்களை நடத்துவோர் பூசாரிகள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ நாவல் (1965) முழுக்க முழுக்க ஒரு மீட்பரைப் பற்றியது. சமயத்தை உருவிவிட்டால் இவற்றில் என்ன இருக்கிறது?

தஞ்சைப் பக்கத்து மேலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியன்று பிரகலாத சரித்திரம் என்ற பாகவத மேளா நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். அந்த நரசிம்ம முகமூடிக்குப் பூசை உண்டு. அணிபவர் விரதமிருந்துதான் அணிவார். இரணியனை நோக்கி அவர் பாயும்போது, ஆட்கள் சுற்றி நின்று இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவர் நடிகரா, சாமியா என்று யாரும் கேட்பதில்லை. டூனின் நாயகன் பால் அட்ரெய்டிஸும் மீட்பர் முகமூடியை மாட்டிக்கொள்கிறவன்தான். தன் பெயரால் வரவிருக்கும் புனிதப் போரை அவனாலேயே தடுக்க முடியவில்லை. அவனைப் பிடித்து நிறுத்த மேலட்டூரில் இருப்பதுபோல் நாலு பேர் இல்லை.

அதே நாவலை ஒட்டி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பு, மீட்பர் வருவார் என்ற கதையை முன்கூட்டியே பல கோள்களில் பரப்பி வைக்கிறது. பின்னாளில் தங்களில் ஒருத்தி அங்கே ஆபத்தில் சிக்கினால், அந்தக் கதையைப் பற்றிக்கொண்டு தப்பிக்கலாம் என்பது ஏற்பாடு. இதற்கு முன்மொழியப்பட்ட ‘செயற்கைத் தொன்மம்’ எனக்குச் சப்பென்று இருக்கிறது. ‘நாற்றுத்தொன்மம்’ என்று வைத்துப் பாருங்கள். ஓரிடத்து நாற்றங்காலில் வளர்த்து, பறித்து, முடி கட்டி, வேறு வயலில் கொண்டுபோய் நடுகிறோம். சில நாள் மஞ்சளித்து நிற்கிறது. வேர் பிடித்துப் பச்சை கட்டிய பிறகு, அந்த மண்ணிலேயே முளைத்தது என்றுதான் வழிப்போக்கன் நினைப்பான். டூன் கதை நடக்கும் பாலைக் கோளான அராக்கிஸின் மக்களும் அந்தக் கதையைத் தங்கள் முன்னோர் வாக்காகவே நம்புகிறார்கள்.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ‘கூத்தடிக்கிறான்’ என்று ஊர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டுக் கூத்துக் கலைஞர்கள் எவ்வளவு வருந்துவார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். கூத்தாடும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் குழுமத்தில் இருந்தால், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன். அவர்களுக்கு உவப்பில்லை என்றால் விண்கூத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாற்றுத்தொன்மத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

அன்புடன்,
மேலட்டூர்ப் பக்கத்திலிருந்து