மறு: வேர் சிகிச்சைக் கையேடு: எல்லாவற்றுக்கும் 'சுத்திகரிப்பு' தானா?

> சுத்திகரிப்பு என்றே எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே.

வணக்கம் ஐயா. நம் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) கையேட்டில் சுத்தம் செய்யும் எல்லா முறைக்கும் 'சுத்திகரிப்பு' என்றே போடலாம், ஆனால் முறைகளை ஒப்பிடும் பக்கத்தில் இடிக்கும். அங்கே ஒவ்வொன்றும் வேறு வேலை.

பல்வேரின் கால்வாய்க்குள் நடப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஊசியால் விட்டு, உள்ளே மிஞ்சிய சதையைக் கரைத்து எடுக்கிறோம். ஃபைல் என்ற மெல்லிய அரத்தைப் போட்டு இழைத்ததில் சுவரில் அப்பிய படலத்தில் தாதுப்பொருளும் உண்டு. அது ஹைப்போவுக்கு மசியாது, தாதுவைக் கரைக்கும் 17 சதவீத ஈடிடிஏ கரைசல் வேண்டும். இரண்டுக்குமே 'அலசல்' சரியாக உட்காருகிறது.

தகராறு அதற்குப் பிறகுதான். கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்துக் கால்வாயை அடைத்ததும், மேலே பற்கூழ் குழியின் சுவரெல்லாம் சீலர் (இடைவெளியை அடைக்கும் பசை) ஈஷிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் முன்பல் நாளடைவில் நிறம் மாறலாம். பல்லை மேலே மூடும் காம்போசிட்டும் (பிசின் கலவை) சரியாக ஒட்டாது. கிராம்பு எண்ணெயின் யூஜினால் கலந்த சீலர் என்றால் காம்போசிட் இறுகுவதையே கெடுக்கும்.

எடுப்பது எப்படி? ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுருண்டை எல்லோரிடமும் இருக்கிறது, மலிவு. ஆனால் சீலர் இறுகுமுன் செய்யவேண்டும்; எப்பாக்சி வகை இறுகிவிட்டால் ஆல்கஹாலுக்குக் கரையாது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் டென்டினில் (எனாமலுக்கு அடியிலுள்ள பல்திசு) மெல்லிய எச்சம் தங்கும். இதற்கு 'துடைப்பு' போதும். அல்ட்ராசானிக் முனை அதிர்ந்து எச்சத்தைப் பெயர்க்கிறது: 'அதிர்வுப் பெயர்ப்பு'. அலுமினா தூளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது 'துகள்வீச்சு'.

பர் (சுழலும் வெட்டுமுனை) போட்டு எடுப்பதைச் 'சுரண்டல்' என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் பல் வைத்தியத்தோடு அந்தச் சொல்லைச் சேர்த்தால் பில்லைத்தான் நினைப்பார்கள்! அதைவிட, பர் எச்சத்தோடு நல்ல டென்டினையும் கொண்டுபோகிறது. வேர் சிகிச்சை முடிந்த பல்லில் மிச்சமிருக்கும் சுவர்தான் அதன் பலம். ஆகவே 'செதுக்கல்' என்கிறேன். பல்லும் கொஞ்சம் போகும் என்பது சொல்லிலேயே தெரியட்டும்.

சீலருக்குச் 'சந்தடைப்பு' என்று வைக்கலாமா?

---

மறு: மறு:

டாக்டர், மற்ற ஐந்தும் எனக்குச் சம்மதம். சந்தடைப்பு மட்டும் வேண்டாமே, மெட்ரோ வேலைக்குச் சந்தில் தட்டி வைத்த மாதிரி இருக்கிறது. 'இடுக்கு நிரப்பி' என்றால் பல்லிடுக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். 'காரை' நல்ல சொல்தான், ஆனால் பல்லில் படியும் டார்ட்டருக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறவர்கள்கூட 'ரூட் கேனால்' என்றே கேட்கிறார்கள்; சீலரும் சீலராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

---

மறு: மறு: மறு:

சரிங்க. அலசல், துடைப்பு, அதிர்வுப் பெயர்ப்பு, துகள்வீச்சு, செதுக்கல் ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். 'அதிர்வுப் பெயர்ப்பு' நீளமாக இருக்கிறது என்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சுருக்கித் தரலாம்.