முழு மீனை ஆவியில் வேகவைத்தால் வால் வறண்டும் கழுத்து வேகாமலும் போவது ஏன்?

கேள்வி: வெங்காயத்தாள்

அன்பர்களுக்கு வணக்கம். முழு மீனை இஞ்சியோடு ஆவியில் வேகவைத்து, வெங்காயத்தாளைத் தூவி, காய்ந்த எண்ணெயையும் சோயா சாற்றையும் ஊற்றிப் பரிமாறும் தென் சீனாவின் கான்டன் முறையை வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதுவரை மூன்று முறை முயன்றுவிட்டேன். மூன்று முறையும் மனம் நிறையவில்லை.

நான் செய்த விதத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். 1.2 கிலோ எடையுள்ள கொடுவா மீனைக் கழுவி, உப்புத் தடவி, தட்டில் வைத்து, நான்கு மேசைக்கரண்டி சோயா சாற்றையும் சிறிது எள் எண்ணெயையும் அதன்மேல் ஊற்றினேன். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, தட்டை உள்ளே வைத்து மூடி, அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து இருபது நிமிடங்கள் கணக்கிட்டேன். இடையில் இரண்டு முறை மூடியைத் திறந்தும் பார்த்தேன். இறக்கியபோது வால் பகுதி பஞ்சுபோல வறண்டிருந்தது, ஆனால் கழுத்துக்குப் பின்னால் முள்ளை ஒட்டிய சதை இன்னும் கண்ணாடிபோல் இருந்தது. தட்டு நிறையக் கலங்கிய நீர் தேங்கி, சோயாவின் சுவை கரைந்து, கவிச்சி வேறு வீசியது. அடுத்த முறை இருபத்தைந்து நிமிடம் வைத்தேன், மீன் முழுவதும் வறண்டுவிட்டது. மூன்றாம் முறை கவிச்சி போகட்டும் என்று எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து அரை மணி நேரம் ஊறவைத்தேன். மேற்பரப்பு வேகும் முன்பே வெளுத்து, வெந்த பிறகு சுண்ணாம்புபோல் உதிர்ந்தது.

எத்தனை நிமிடம் வைக்க வேண்டும், சோயாவை எப்போது ஊற்ற வேண்டும், தேங்கும் நீரை என்ன செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மூங்கில்தட்டு

நண்பரே, முதல் தவறு அடுப்பைப் பற்றவைத்த நொடியிலேயே நேர்ந்துவிட்டது. தண்ணீர் கொதிக்கும் முன்பே மீனை உள்ளே வைத்ததால், பாத்திரம் சூடேறும் அத்தனை நிமிடங்களும் அது வெதுவெதுப்பில் கிடந்து தன் சாற்றைத் தட்டில் விட்டிருக்கிறது. அந்த நிமிடங்களையும் வேகும் நேரத்தோடு சேர்த்து எண்ணியதால், மீன் உண்மையில் எவ்வளவு நேரம் வெந்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதித்து, மூடியின் ஓரத்தில் ஆவி பீறிட்டு வரும்போதுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். அதன்பின் தீயைக் குறைக்கவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு கிராம் நீராவி மீனின் குளிர்ந்த தோலில் பட்டு நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை அங்கே விடுகிறது; ஒரு கிராம் கொதிநீர் ஒரு டிகிரி ஆறும்போது விடுவதோ ஒரே ஒரு கலோரிதான். ஆவிச் சமையலின் வேகமெல்லாம் இந்த வெப்பத்திலிருந்து வருவது. நீங்கள் மூடியைத் திறக்கும்போது ஆவி வெளியேறிக் காற்று உள்ளே புகுகிறது, மீண்டும் ஆவி நிறையும் வரை மீன் வேகாமல் காத்திருக்கிறது.

இரண்டாவது, மீனின் அளவு. பழக்கம் வரும் வரை 600 முதல் 700 கிராம் வரையுள்ள மீனையே எடுங்கள். சதையின் தடிமன் இரண்டு மடங்கானால், வெப்பம் நடுப்பகுதியை அடைய ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும் என்பதால், பெரிய மீனில் தடித்த கழுத்துப் பகுதி வேகும் முன்பே மெல்லிய வால் வறண்டுபோகிறது. 600 கிராம் மீனுக்குப் பலத்த ஆவியில் எட்டு நிமிடம், 800 கிராமுக்குப் பத்து நிமிடம் என்று தொடங்கலாம். 1.2 கிலோ மீனைத்தான் வைக்க வேண்டும் என்றால், முதுகெலும்பை ஒட்டிக் கத்தியால் நீளமாக ஆழ்ந்த கீறல் இட்டு, பதின்மூன்று நிமிடம் வையுங்கள். எந்த மீனானாலும், தட்டின்மேல் இரண்டு சாப்ஸ்டிக் குச்சிகளையோ தடித்த வெங்காயத்தாள் தண்டுகளையோ குறுக்காகப் போட்டு அதன்மேல் கிடத்தினால் அடிப்பக்கமும் ஆவி படும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீனை உடனே வைக்காமல், பதினைந்து நிமிடம் வெளியே வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள்.

மீன் தசை 50 டிகிரி செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கி, 60ஐ நெருங்கும்போது வெண்மையாகி, 70ஐத் தாண்டினால் சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்துவிடுகிறது. உணவுப் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்கப்படுவது 63 டிகிரி. நமக்கு வாய்க்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது என்பதால், 600 கிராம் மீனானால் எட்டாவது நிமிடத்தில் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் மேலும் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். எஞ்சிய வெப்பம் முள்ளருகே மெல்லச் சென்று சேரும். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் மெல்லிய குச்சியைக் குத்தினால், அது தடையில்லாமல் முள் வரை இறங்க வேண்டும்.

சோயாவை முன்பே ஊற்றாதீர்கள். மீன் வெந்த பிறகு தட்டில் தேங்கிய நீரை வடித்துக் கொட்டிவிட்டு, வெந்த இஞ்சியையும் எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக நறுக்கிய இஞ்சிக் கீற்றுகளையும் வெங்காயத்தாள் கீற்றுகளையும் மேலே பரப்புங்கள். மூன்று மேசைக்கரண்டி நிலக்கடலை எண்ணெயை மெல்லிய புகை எழும் வரை காய்ச்சி அவற்றின்மேல் ஊற்றினால், சொரேலென்ற ஓசையோடு வெங்காயத்தாள் வதங்கி மணம் எழும். அந்த ஓசை எழாவிட்டால் எண்ணெய் காயவில்லை என்று பொருள். மூன்று மேசைக்கரண்டி வெளிர் சோயா, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றைத் தனியே சூடாக்கி, மீனின்மேல் அல்லாமல் ஓரமாக ஊற்றுங்கள். கருஞ்சோயா இதற்கு வேண்டாம். நிறமும் சுவையும் மீனை அமுக்கிவிடும். வறுத்த எள் எண்ணெய் புகையும் வரை காய்ந்தால் கசக்கும் என்பதால் அதை ஊற்றும் எண்ணெயாகப் பயன்படுத்தக் கூடாது. கீற்றுகளில் ஈரம் இருந்தால் காய்ந்த எண்ணெய் தெறிக்கும், கவனம் தேவை.

மறுமொழி: செதில்

மேலே உள்ளவர் நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் கவிச்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் இறந்த பிறகு நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றும்போதுதான் நாம் வெறுக்கும் வாடை பிறக்கிறது. ஆகவே, பழைய மீனை எத்தனை இஞ்சி வைத்தாலும் மீட்க முடியாது. வறுவலிலும் குழம்பிலும் மறைந்துவிடும் குறை, ஆவியில் மறையாது. கண் தெளிந்து புடைத்திருப்பதையும், செவுள் சிவந்திருப்பதையும், விரலால் அழுத்திய சதை உடனே எழும்புவதையும் பார்த்து வாங்குங்கள்.

நல்ல மீனிலும் கவிச்சி வருகிறதென்றால், சுத்தம் செய்ததில் ஏதோ விடுபட்டிருக்கிறது. வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக இரத்தம் உறைந்து கிடக்கும். அதன்மேல் உள்ள மெல்லிய சவ்வைக் கத்தி நுனியால் கீறி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். செவுளை முழுவதுமாக அகற்றுங்கள். சில மீன்களின் வயிற்றில் கறுப்பாகப் படிந்திருக்கும் சவ்வையும் உரித்துவிட வேண்டும். இந்த மூன்றையும் செய்த நாளில் வரும் மாற்றத்தை நீங்களே உணர்வீர்கள்.

எலுமிச்சை செய்த கேட்டுக்குக் காரணம், அமிலமும் நெருப்பைப் போலவே புரதத்தை உறையவைக்கும் என்பதுதான். அரை மணி நேரத்தில் மேற்பரப்பு பாதி வெந்ததற்கு ஒப்பாகிவிட்டது, ஆவி அதை இரண்டாம் முறை வேகவைத்தது. தாய்லாந்தில் கொடுவாவை எலுமிச்சையோடு செய்யும் புகழ்பெற்ற முறை ஒன்று உண்டு. பிளா கபோங் நெங் மனாவ் என்பார்கள். அதில்கூட எலுமிச்சைச் சாறு, பூண்டு, காந்தாரி போன்ற சிறுமிளகாய், உப்பிட்டு நொதிக்கவைத்த மீனிலிருந்து எடுக்கும் ஃபிஷ் சாஸ் ஆகியவை கலந்த சாற்றை மீன் வெந்த பிறகே ஊற்றுவார்கள்.

மறுமொழி: உப்புநெல்லி

தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதைப் பொது விதியாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தென் சீனாவின் தியோச்சு மக்களின் முறையில் வாவல் மீனை உப்பிலிட்ட பிளம் காய், ஊறவைத்த கடுகுக் கீரை, தக்காளி, மென்மையான டோஃபு, காளான், இஞ்சி ஆகியவற்றோடு ஆழமான தட்டில் வேகவைப்பார்கள். அந்தத் தட்டில் சேரும் புளிப்பும் உவர்ப்பும் கலந்த சாறுதான் அந்த உணவின் உயிர். அதைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளவே பலர் காத்திருப்பார்கள். அதைக் கொட்டச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. மீன் புதிதாக இருந்து, தண்ணீர் கொதித்த பிறகே உள்ளே வைக்கப்பட்டிருந்தால், தேங்கும் சாறு சிறிதளவாகவும் தெளிவாகவும் இருக்கும். சுவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே நேர்மையான வழி.

மறுமொழி: மூங்கில்தட்டு

உப்புநெல்லி அவர்கள் சொல்வது சரி, நான் கான்டன் முறையை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். அங்கே சோயாவும் எண்ணெயும் கலந்த சாறு தனியே தயாராகி வருவதால், தட்டில் தேங்குவது அதை நீர்க்கச் செய்யும், அதனால் கொட்டுகிறோம். தியோச்சு முறையில் சுவையூட்டும் பொருள்கள் மீனோடு சேர்ந்தே வேகின்றன, அங்கே கொட்டுவதற்கு இடமே இல்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் தட்டில் இருந்தது மெதுவாகச் சூடேறிக் கசிந்த நீர், கவிச்சியும் அதிலேயே சேர்ந்திருந்தது. அவர் அதைக் கொட்டியே ஆக வேண்டும்.

மறுமொழி: செதில்

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். முள்ளில்லாத துண்டுகளைப் பயன்படுத்துவோர், 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஆறேழு நிமிடங்களிலேயே பார்த்துவிட வேண்டும். உறைந்த மீனை முந்திய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகவிடுங்கள். நடுவில் பனி இருந்தால் எந்த நேரக் கணக்கும் பலிக்காது.

கேள்வி கேட்டவர்: வெங்காயத்தாள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று 650 கிராம் சங்கரா மீனை வாங்கி, முதுகெலும்பருகே இருந்த இரத்தத்தைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உள்ளே வைத்து, எட்டு நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விட்டேன். கழுத்துச் சதை முள்ளிலிருந்து வழுக்கிக்கொண்டு பிரிந்தது, கவிச்சி சிறிதும் இல்லை. எண்ணெய் ஊற்றியபோது எழுந்த மணத்துக்கு, வீட்டில் மீனே தொடாத என் தாயார்கூட அடுக்களைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு குறை மட்டும் எஞ்சியிருக்கிறது. மூடியின் அடியில் சேர்ந்த நீர் சொட்டுச் சொட்டாக மீனின் நடுவில் விழுந்து, அந்த இடத்தில் தோல் ஊறி வெளுத்திருந்தது. மூங்கில் பாத்திரம் என்னிடம் இல்லை. இதற்கு வழி உண்டா?

மறுமொழி: மூங்கில்தட்டு

மூங்கில் மூடி ஆவியை உறிஞ்சிக்கொள்வதால்தான் சொட்டுவதில்லை. உலோக மூடியானால், சுத்தமான பருத்தித் துணியை அதன் அடியில் இழுத்துக் கட்டி, நான்கு முனைகளையும் மேலே கைப்பிடியில் முடிந்துவிடுங்கள். முனைகள் தீயருகே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.